பிராங்க் ஹார்ன்பி: ஒரு குமாஸ்தாவின் கைவேலை

ஆண்டு மலர்களில் பெரும் புலவர்களின் வரலாற்றையும் நாட்டுத் தலைவர்களின் வரலாற்றையும் படிப்பது நம் வழக்கம். குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்த ஒருவருடைய வரலாற்றை இம்மலருக்கு எழுதலாமா என்று நாம் சற்றுத் தயங்கியதுண்டு. ஆனால் அவருடைய வாழ்க்கையை ஒருமுறை நினைத்துப் பார்த்தபின் அத்தயக்கம் நீங்கிவிட்டது. அவர் நம்மில் பலரைப் போல அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைத்தவர். நம்மைப் போலவே மாலையில் களைத்து வீடு திரும்பியவர். திரும்பிய பின்னர் தம் பிள்ளைகளின் அருகில் அமர்ந்து, தகட்டை வெட்டித் துளையிட்டுக் கொண்டிருந்தவர். அவர் பெயர் பிராங்க் ஹார்ன்பி. மெக்கானோ என்னும் கட்டுமானப் பெட்டியையும், ஹார்ன்பி பொம்மை ரயிலையும், டிங்கி டாய்ஸ் என்னும் சிறு மோட்டார் வண்டிகளையும் உலகிற்கு அளித்தவர் அவரே.

இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில், கோப்பரஸ் ஹில் என்னும் தெருவில், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ஹார்ன்பி பிறந்தார். அத்தெரு லைம் ஸ்டிரீட் ரயில் நிலையத்தை ஒட்டியது. நீராவி எஞ்சின்களால் பயணிகளை ஏற்றிச் சென்று உலகப் புகழ் பெற்ற லிவர்பூல்–மான்செஸ்டர் இருப்புப்பாதை திறக்கப்பட்டு அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. துறைமுகத்தில் பளுதூக்கும் கிரேன்கள். நகரினுள் எஞ்சின்களின் ஓசை. இவற்றின் நடுவே அவர் வளர்ந்தார்.

தந்தையார் ஜான் ஹார்ன்பி உணவுப் பண்டங்கள் விற்கும் வணிகர். மகன் பதினாறாம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் வாணிகத்தில் காசாளராய் அமர்ந்தார். பொறியியலை அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். இளமையில் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறுகளை ஆவலுடன் படித்ததும், இரும்பையும் தகட்டையும் வைத்துக் கொண்டு ஏதேனும் செய்து பார்ப்பதுமே அவர் பெற்ற பயிற்சி. 1887-ஆம் ஆண்டில் கிளாரா என்னும் ஆசிரியையை மணந்தார். ரோலண்டு, டக்ளஸ் என்னும் இரு புதல்வர்களும் ஒரு புதல்வியும் அவர்களுக்குப் பிறந்தனர்.

1899-இல் தந்தையார் காலமானார். குடும்ப வாணிகமும் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதில், மனைவி மக்களுடன், ஹார்ன்பி வேறு வேலை தேட வேண்டியவரானார். இறைச்சி இறக்குமதி வணிகரான டேவிட் ஹியூ எலியட் என்பவரிடம் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பேரேடு, ரசீது, பாக்கி, வரவு, செலவு: இவையே அவருடைய பகற்பொழுது. அந்த வயதில் அந்த நிலையில் உள்ள ஒருவரைக் கண்டு, இவர் பெயர் நூறாண்டுக்குப் பின்னும் உலகில் வழங்கும் என்று எவர் கருதியிருப்பர்?

மாலைப் பொழுது அவருக்கு வேறாக இருந்தது. பிள்ளைகளுக்காக அவர் தகட்டை வெட்டிப் பாலமும் வண்டியும் கிரேனும் செய்து கொடுத்தார். பிள்ளைகள் மகிழ்ந்தனர். ஆனால் இதில் ஒரு தொல்லை இருந்தது. கிரேனுக்கு வெட்டிய பாகம் கிரேனுக்கு மட்டுமே பயன்பட்டது. பாலத்திற்கு வெட்டியது பாலத்திற்கே. ஒவ்வொரு புது மாதிரிக்கும் எல்லாப் பாகங்களையும் புதிதாக வெட்ட வேண்டும். நேரமும் வீண், தகடும் வீண். கணக்கெழுதுபவருக்கு வீண் செலவு உறுத்துவது இயல்புதானே!

இதற்கு விடை, ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் ரயிற் பிரயாணத்தின்போது தோன்றியது என்று அவருடைய வரலாற்றைக் கூறுவோர் சொல்வர். பாகங்கள் ஒரு பொருளுக்கு மட்டும் உரியனவாக ஏன் இருக்க வேண்டும்? எல்லாப் பட்டைகளும் ஒரே அகலம். எல்லாத் துளைகளும் ஒரே அளவு. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே எங்கும் அரை அங்குலமே தூரம் என்று வைத்துவிட்டால், எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் போல்ட்டும் நட்டும் இட்டு முடுக்கலாம். அதே துளையில் அச்சைச் செருகிச் சக்கரமும் ஓட்டலாம். இன்று கிரேனாக நிற்பதை நாளை கழற்றிப் பாலமாக்கலாம். மறுநாள் அதையே மோட்டார் வண்டியாக்கலாம். பாகம் மாறாது, பொருள் மாறும்.

சொல்லக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. கண்டுபிடித்த பின்னர் எளிதாகத் தோன்றாத நல்ல கண்டுபிடிப்பு எது? ஹார்ன்பி செப்புத் தகடு வாங்கி, அரை அங்குல அகலத்தில் பட்டைகளாக வெட்டி, துளைகளைத் தம் கையாலேயே இட்டார். மற்றச் சிறு பாகங்களையும் வீட்டிலேயே செய்து, அவற்றைக் கொண்டு பிள்ளைகளும் தாமுமாகக் கிரேன் ஒன்றைப் பூட்டினார்கள். அது வேலை செய்தது.

இனி வேண்டியது காப்புரிமை. அதற்குரிய பணம் அவரிடம் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுன் கடன் பெற்று, 1901-ஆம் ஆண்டு ஜனவரியில், குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்குமான விளையாட்டு அல்லது கல்விக் கருவிகளில் செய்த சீர்திருத்தம் என்று அதனைப் பதிவு செய்தார். விளையாட்டு என்னும் சொல்லோடு கல்வி என்னும் சொல்லையும் அவர் அன்றே சேர்த்துவிட்டதை நாம் கவனிக்க வேண்டும். எலியட் கடன் கொடுத்ததோடு நிற்கவில்லை. தம் அலுவலகத்தை அடுத்துக் காலியாக இருந்த இடத்தையும் தந்து, தொழிலில் பங்காளியாகவும் சேர்ந்தார். தம் குமாஸ்தா வேலை நேரத்திற்குப் பின் செய்யும் ஒன்றைக் கண்டு சினம் கொள்ளாமல், அதற்குத் துணை நின்ற அந்த முதலாளியின் பெயரையும் நன்றியோடு குறிப்பிடுவது நம் கடமை.

1902-ஆம் ஆண்டில் முதற் பெட்டிகள் கடைக்கு வந்தன. எளிய இயந்திரவியல் என்னும் பொருள்படும் பெயர் அவற்றிற்கு. பதினாறு வகைப் பாகங்கள். பன்னிரண்டு மாதிரிகளைச் செய்து காட்டும் ஒரு சிறு துண்டறிக்கை. விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். பாகங்கள் வெறும் தகரம். பார்வைக்கு முரட்டுத்தனமாகவே இருந்தன. கடைக்காரர்கள் தயங்கினர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பேராசிரியர் ஹீல்-ஷா அதன் கல்விப் பயனை உணர்ந்து அதற்கு ஆதரவளித்தார். 1903-இல் 1,500 பெட்டிகள் விற்றன. ஆயினும் இலாபம் என்று ஒரு காசும் மிஞ்சவில்லை. 1906-இல்தான் முதன்முதலாகச் சிறிது இலாபம் கிடைத்தது.

இந்த ஆண்டுகளை நாம் விரைந்து கடந்து செல்லலாகாது. காப்புரிமைக்கும் முதல் இலாபத்திற்கும் இடையே ஐந்து ஆண்டுகள். அவ்வளவு காலமும் ஹார்ன்பி பகலில் பிறர் கணக்கை எழுதினார். மாலையில் தம் பெட்டிகளைக் கவனித்தார். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் துணிந்து குதித்தவரல்லர் அவர். குடும்பஸ்தர் எவ்வளவு எச்சரிக்கையுடன் துணிய வேண்டுமோ அவ்வளவு எச்சரிக்கையுடன் துணிந்தவர். பாகங்களைச் செய்து தந்த பிற தொழிற்சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமற் போன பின்னரே, 1907-இல், தம் நாற்பத்து நான்காம் வயதில், வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் மெக்கானோ என்னும் பெயர் பதிவாயிற்று. 1908-இல் மெக்கானோ கம்பெனி அமைந்தபோது எலியட் அதில் சேராமல் விலகிக் கொண்டார். பொறுப்பு முழுவதும் ஹார்ன்பியுடையதாயிற்று.

அதன் பின்னர் வளர்ச்சி வேகமாக நடந்தது. தகரப் பட்டைகள் போய், முனை வளைந்த, நிக்கல் பூசிய கனமான எஃகுப் பட்டைகள் வந்தன. 1912-இல் பாரிஸ் நகரில் கிளை ஏற்பட்டது. 1914-இல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-இல் மெக்கானோ மாகசின் என்னும் பத்திரிகை தோன்றியது. பாலங்கள், கப்பல்கள், எஞ்சின்கள் எல்லாம் எவ்வாறு இயங்குகின்றன என்று சிறுவர்க்கு அது சொல்லிக் கொடுத்தது. 1926-இல் பாகங்கள் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் பெற்றன.

நம் ரயில்வே குடும்பங்களுக்கு உவப்பான பகுதி 1920-இல் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டனில் விற்ற பொம்மை ரயில்களில் பெரும்பாலானவை ஜெர்மனியில் செய்தவை. போரினால் அவற்றின் வரத்து நின்றது. அந்த இடத்தை நிரப்ப ஹார்ன்பி தம் பெயராலேயே ரயில்களை வெளியிட்டார். சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின்கள் அவை. முதலில் வந்த எஞ்சின்களும் வண்டிகளும் மெக்கானோவைப் போலவே போல்ட்டும் நட்டும் கொண்டு பூட்டப்பட்டவை. குழந்தை அவற்றைக் கழற்றி மீண்டும் பூட்டலாம். ஓடும் வண்டியைப் பார்த்து வியப்பதோடு நில்லாமல், ஓடுவது எதனால் என்று அறியவும் வேண்டும் என்பதே அவருடைய கொள்கை போலும். 1925-இல் மின்சார ரயிலும் வந்தது.

ரயில் வந்தால் நிலையம் வேண்டும். நிலையம் வந்தால் அதில் போர்ட்டரும் பிரயாணியும் வேண்டும். வெளியே சாலையில் மோட்டார் வண்டியும் நிற்க வேண்டும். இவ்வாறு ரயிலுக்குத் துணைப் பொருளாகவே சிறு உருவங்கள் 1931 முதல் வெளிவந்தன. 1933-ஆம் ஆண்டின் முடிவில் ஆறு வண்டிகள் ஒரு தொகுதியாக வந்தன: இரண்டு கார்கள், ஒரு லாரி, ஒரு வேன், ஓர் உழவு டிராக்டர், ஒரு போர் டாங்கி. 1934 ஏப்ரலில் இவற்றிற்கு டிங்கி டாய்ஸ் என்னும் பெயர் ஏற்பட்டது. ரயிலுக்குத் துணையாய்ப் பிறந்தவை விரைவில் ரயிலையே மிஞ்சிப் புகழ் பெற்றன. அதே காலத்தில் மோட்டார் வண்டி கட்டும் தனிப் பெட்டிகளையும் மெக்கானோ வெளியிட்டது. ஒரே பெட்டியிலுள்ள பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டி, வெவ்வேறு வடிவ வண்டிகளைச் சிறுவன் தானே அமைக்கலாம். சாவி கொடுத்து ஓட்டவும் செய்யலாம். இன்று உலகெங்கும் பிளாஸ்டிக் மாதிரிக் கார்களைத் தம் விருப்பம் போல் மாற்றிக் கட்டும் கைவேலைக்கு முன்னோடிகளுள் இப்பெட்டிகளையும் சேர்த்து எண்ணலாம்.

விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணுவோர் மற்றொரு செய்தியையும் அறிய வேண்டும். 1934-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ, தம் மாணவர் ஆர்தர் போர்ட்டரைக் கொண்டு, கடினமான கணிதச் சமன்பாடுகளுக்கு விடை காணும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதன் பெரும்பகுதி மெக்கானோப் பாகங்களால் ஆனது. அணுவின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிக் கணக்குகளுக்கு அது உதவியது. கணக்கெழுதும் குமாஸ்தா தம் மைந்தருக்குச் செய்த பொருள், கணக்கிடும் இயந்திரமாகவே மாறிய விந்தையை என்னென்பது!

செல்வமும் பதவியும் ஹார்ன்பியைத் தேடி வந்தன. 1931-இல் லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினரானார். உடல்நிலை இடங்கொடாமையால் 1935 தேர்தலில் மீண்டும் நிற்கவில்லை. நெடுநாளைய இருதய நோயோடு நீரிழிவும் சேர, 1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் தம் எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார். லிவர்பூலை அடுத்த மாகல் என்னும் ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மூத்த மகன் ரோலண்டு கம்பெனியின் தலைவரானார். எந்த மகனின் மகிழ்ச்சிக்காகத் தந்தை முதற் பட்டையை வெட்டினாரோ, அந்த மகன்!

அவரிடம் குறை காண முடியாதா எனில், காணலாம். மெக்கானோ விளம்பரங்கள் எல்லாம் சிறுவர்களையே விளித்தன. சிறுமியர்க்கு அவற்றில் இடமில்லை. பின்ஸ் ரோட்டுத் தொழிற்சாலையின் வரிசைகளில் அமர்ந்து அப்பெட்டிகளை உருவாக்கியவர்களிலோ பெண்கள் பலர். செய்வதற்குப் பெண்ணின் கை வேண்டும். விளையாடுவதற்கு ஆணின் கை மட்டும் போதும் என்று அக்காலம் கருதியது. ஹார்ன்பியும் தம் காலத்தைத் தாண்டிச் சிந்திக்கவில்லை. இப்பிழையை நம் வீடுகளில் நாம் தொடரலாகாது.

பெரிய தொழிற்சாலையும் நிலைக்கவில்லை. பிளாஸ்டிக் யுகம் வந்தது. நிக்கலஸ் கோவ் என்னும் ஹங்கேரிய அகதி 1939-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏர்பிக்ஸ் கம்பெனி, முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளையும் பின்னர் பிளாஸ்டிக் சீப்புகளையும் செய்தது. 1952-இல் அது கோல்டன் ஹைண்டு என்னும் பழைய கப்பலின் மாதிரியை, ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களாக மலிவு விலையில் விற்றுப் புகழ் பெற்றது. கார்களும் விமானங்களும் தொடர்ந்தன. மெக்கானோ கம்பெனி நலிந்து, 1964-இல் லைன்ஸ் சகோதரர்களின் கைக்கும், 1971-இல் அதே ஏர்பிக்ஸ் கம்பெனியின் கைக்கும் மாறியது. 1979 நவம்பரில் பின்ஸ் ரோட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஏர்பிக்ஸும் 1981-இல் நொடித்தது. ஆனால் ஹார்ன்பியின் பெயர் தாங்கிய ரயில் கம்பெனி பிழைத்திருந்தது. 2006-இல் அந்தக் கம்பெனியே ஏர்பிக்ஸை விலைக்கு வாங்கியது! தந்தையின் தொழிலை வாங்கிய வீட்டை, அதே பெயருடைய பேரன் மீண்டும் வாங்கியது போன்ற கதை இது.

இக்கதையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. டிங்கி வண்டிகளின் பழைய வார்ப்பச்சுகள் சில 1960-களின் இறுதியில் கல்கத்தாவிற்கு வந்தன. அவற்றைக் கொண்டு நிக்கி டாய்ஸ் என்னும் பெயரில் வண்டிகள் அங்கே வார்க்கப்பட்டன. தேய்ந்த அச்சாதலால் உருவம் சற்று மழுங்கியே இருக்கும். ஆயினும் இன்று அவற்றைத் தேடிச் சேர்ப்போர் அயல்நாடுகளில் உளர். ஏர்பிக்ஸ் மாதிரிகளும் ஹார்ன்பி கம்பெனியின் கைக்கு வந்தபின் சில ஆண்டுகள் இந்தியாவில் செய்யப்பட்டன.

பழைய மாதிரிகளைச் சேர்ப்போர் ஒரு துன்பத்தையும் அறிவர். தொடக்கக் கால டிங்கி வண்டிகள் பல, ஈயக் கலப்புள்ள தூய்மையற்ற துத்தநாகத்தால் வார்க்கப்பட்டவை. பல ஆண்டுகள் சென்றபின் அவை தாமே வீங்கி, வெடித்து, பொடியாய் உதிர்கின்றன. இதற்கு மருந்தில்லை, ஈரமில்லாத இடத்தில் வைத்துக் கேட்டைத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. ஆனால் மெக்கானோப் பட்டையின் நிலை வேறு. துருவைத் தேய்த்து, வண்ணம் பூசி, புது போல்ட் இட்டால் தாத்தா பூட்டிய பட்டையைப் பேரன் பூட்டலாம். பிளாஸ்டிக் மாதிரிக் கார்களைப் புதுப்பிப்போரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். யாரோ ஒரு சிறுவன் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவசரமாக ஒட்டிய காரை மெல்லப் பிரிக்கின்றனர். தடித்த வண்ணத்தை நீக்குகின்றனர். காணாமற் போன சக்கரத்திற்கு வேறொரு உடைந்த பெட்டியிலிருந்து சக்கரம் எடுத்துப் பொருத்துகின்றனர். ஒரு பொருளுக்காகச் செய்த பாகம் மற்றொரு பொருளுக்கும் உதவ வேண்டும் என்று ஹார்ன்பி அன்று கண்ட உண்மையே, அவர் காணாத பிளாஸ்டிக்கிலும் இன்று தொடர்கிறது.

நம் காலனியில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் படும் கவலைக்கு அளவில்லை. அது வேண்டியதே. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்த நமக்குப் படிப்பே முதல். ஆனால் குழந்தை ஒரு பொம்மையைப் பிரித்துப் போட்டால் நாம் அடிக்க ஓடுகிறோம். பிரித்தது போதாது, மீண்டும் பூட்டிக் காட்டு என்று ஸ்பானரையோ ஸ்குரூ டிரைவரையோ கையில் கொடுப்போர் எத்தனை பேர்? உடைந்த வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் அதன் சக்கரத்தைக் கழற்றி எடுத்து வைப்போர் எத்தனை பேர்? இக்குறை நம்மிடமும் இருந்தது என்பதை மறைக்காமல் ஒப்புக் கொள்கிறோம். பணிமனைகளிலும் யார்டுகளிலும் உழைக்கும் தந்தையரின் பிள்ளைகளுக்கு, ஒரு போல்ட்டை எப்படி முடுக்குவது என்று தெரியாமற் போவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஹார்ன்பி தம் பிள்ளைகளுக்கு அளித்தவற்றுள் விலை மதிப்பற்றது செப்புப் பட்டையன்று; அலுவல் முடிந்த பின் மிஞ்சிய அந்த ஒரு மணி நேரம். அந்நேரம் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அவரைப் போல் நாம் செல்வராக வேண்டியதில்லை. பாராளுமன்றம் செல்ல வேண்டியதுமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உடைந்து கிடக்கும் பொம்மை வண்டி ஒன்றை எடுத்து, மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு, இருவருமாக அதைப் பூட்டிப் பார்ப்போமாக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி.